ஆடம்கீவிச் தமனியும் தண்டுவட எம்.ஆர். ஆஞ்சியோகிராம் பரிசோதனையும்

தண்டுவட இரத்தக்குழாய்களுக்கான பரிசோதனை அறிக்கையில் ‘ஆடம்கீவிச் தமனி’ என்ற பெயரைச் சிலர் காணக்கூடும். அது நோயின் பெயரன்று. இயல்பாக நம் உடலில் உள்ள ஓர் இரத்தக்குழாயின் பெயர். அதனை விரிவாக ஆராய்ந்த மருத்துவரின் வாழ்க்கையை அறிந்தால் இப்பரிசோதனையின் தேவையும் விளங்கும்.

இளமையும் ஆய்வும்

ஆல்பெர்ட் ஆடம்கீவிச் 1850ஆம் ஆண்டு, இன்றைய போலந்து நாட்டிலுள்ள ஜெர்கூவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவம் பயின்றபின், 1879இல் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் நோயியல் பேராசிரியரானார். எக்ஸ் கதிர்களே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. உயிருடன் இருப்பவரின் தண்டுவடத்தைப் பார்க்க வழியில்லை. ஆகவே அவர் இறந்தோரின் உடல்களில், நுண்ணிய இரத்தக்குழாய்களுக்குள் வண்ணக் கலவையைச் செலுத்தி, அவற்றின் போக்கைப் படமாக வரைந்தார். இவ்வாய்வுகள் 1881, 1882ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

அத்தமனியின் பணி

தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் அளிப்பதில் ஆடம்கீவிச் தமனிக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் விட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே. பெரும்பாலோருக்கு அது இடப்பக்கத்தில், மார்பு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் தொடங்குகிறது. சிலருக்கு வலப்பக்கத்திலோ வேறு மட்டத்திலோ அமைகிறது. பெருந்தமனி அல்லது முதுகெலும்பு அறுவை சிகிச்சையின்போது இத்தமனி பாதிக்கப்பட்டால் இரு கால்களும் செயலிழக்க நேரிடலாம். எனவே, அறுவைக்கு முன் அதன் இடத்தை அறிவது சிலருக்கு இன்றியமையாததாகிறது.

பிற்காலம்

பின்னர் ஆடம்கீவிச், புற்றுநோய்க்கு ஓர் ஒட்டுண்ணியே காரணம் என்றும், தாம் உருவாக்கிய ‘கான்கிராயின்’ என்னும் மருந்து அதனைக் குணப்படுத்தும் என்றும் அறிவித்தார். பிற மருத்துவர்கள் சோதித்தபோது அம்மருந்தால் பயன் ஏற்படவில்லை. அவரது நற்பெயர் குன்றியது. கிராக்கோவை விட்டு வியன்னா சென்ற அவர், 1921இல் அங்கே காலமானார். பிறர் சரிபார்த்து ஏற்ற தண்டுவட ஆய்வு நிலைத்தது. சோதனையில் தேறாத மருந்து மறைந்தது. எத்துணைப் புகழ்பெற்றவர் பரிந்துரைத்தாலும், சான்றில்லாத சிகிச்சையை நம்பி உரிய சிகிச்சையைக் கைவிடலாகாது என்பதே நோயாளிகள் இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

இன்றைய பரிசோதனை

அன்று இறந்தோர் உடலில் மட்டுமே காண முடிந்ததை இன்று உயிருள்ளோரிடம் அறுவையின்றிக் காண எம்.ஆர். ஆஞ்சியோகிராம் உதவுகிறது. இதில் எக்ஸ் கதிர்கள் இல்லை. பெரும்பாலும் கையிலுள்ள சிரை வழியாக கடோலினியம் கலந்த மருந்து செலுத்தப்படும். பரிசோதனை முடியும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

தமனியும் சிரையும் முறையற்று இணைவதால் தண்டுவடம் பாதிக்கப்படும் நோயைக் கண்டறியவும் இது பயன்படுகிறது. இந்நோயில் கால்கள் மெல்ல வலுவிழப்பதால் மூட்டுத் தேய்மானம் அல்லது முதுமை எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. உறுதிசெய்ய, தமனி வழியே நுண்குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராமும் தேவைப்படலாம்.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

- பேஸ்மேக்கர், செவிக்குள் பொருத்திய கருவி, உடலிலுள்ள உலோகக் கிளிப் அல்லது துகள்
- சிறுநீரக நோய். முன்பு மருந்து ஒவ்வாமை ஏற்பட்ட விவரம்
- கர்ப்பம்
- குறுகிய இடத்தில் இருக்க அச்சம்

மலைப்பகுதி மக்களுக்கு

அரவேணு, கோத்தகிரி சுற்றுவட்டாரத்தினர் இப்பரிசோதனைக்காகத் தொலைவு செல்ல நேரிடலாம். பழைய ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லவும். தேயிலைத் தோட்டத்தில் சரிவேறும்போது கால்கள் தளர்வதை வெறும் களைப்பு என ஒதுக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

திடீரெனக் கால்கள் செயலிழத்தல், இடுப்புக்குக் கீழ் உணர்விழத்தல், சிறுநீர் அடைத்தல் ஆகியவை அவசர நிலை அறிகுறிகள். பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.