கைப்பணியைக் கல்வியாக்கிய பெரியார்

பெஸ்தலோசி, புரோபல் என்னும் கல்விஞானிகளின் பெயரைக் கேளாத ஆசிரியர் நம்மிடையே இலர். ஆயின் அவர்தம் கருத்துக்களை ஒரு நாட்டின் சட்டத்திலே பொறித்து, சிற்றூர்ப் பாடசாலைவரை கொண்டு சென்ற ஊனோ சிக்னேயசு என்னும் பெருந்தகையைப் பின்லாந்துக்கு வெளியே அறிந்தோர் சிலரே. அந்நாட்டார் அவரைத் தம் பொதுமக்கட் பாடசாலைகளின் தந்தையெனப் போற்றுவர்.

சிக்னேயசு 1810ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் ஹாமென்லின்னா என்னும் ஊரிற் பிறந்தார். அப்பொழுது பின்லாந்து உருசியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. கற்றோர் சுவீடிய மொழியிலே பேசினர். குடியானவரோ பின்னிய மொழியையே அறிந்தவர். சமயகுருவாகிய சிக்னேயசு, 1840ஆம் ஆண்டில் அன்று உருசியர் வசமிருந்த அலாஸ்காவின் சிற்கா நகருக்குச் சென்று ஐந்தாண்டுகள் பணிபுரிந்தார். மீண்டபின் பீற்றர்ஸ்பேர்க்கில் ஒரு பாடசாலையை நடத்திய காலத்திற் கல்வித்துறை நூல்களை ஆழ்ந்து கற்றார்.

பொதுமக்களுக்குப் பாடசாலைகள் அமைக்க எண்ணிய அரசினர், 1858ஆம் ஆண்டில் அவரைப் பிறநாடுகளுக்கு அனுப்பினர். சுவீடன், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளின் பாடசாலைகளைக் கண்டு திரும்பிய அவர், தம் திட்டத்தை வகுத்தளித்துப் பிரதம வித்தியாதரிசியாக நியமனம் பெற்றார். 1863ஆம் ஆண்டில் யுவஸ்கூலா என்னுமிடத்தில் ஆசிரிய கலாசாலையொன்று அவர் தலைமையில் ஆரம்பமாயிற்று. பின்னிய மொழியிலே கற்பித்த முதல் ஆசிரிய கலாசாலை அதுவே. ஆடவர், மகளிர் ஆகிய இருபாலாரும் அங்கே பயின்றனர்.

1866ஆம் ஆண்டின் பாடசாலைச் சட்டம் நாட்டுப்புறப் பாடசாலைச் சிறுவர்க்குக் கைப்பணியைக் கட்டாய பாடமாக்கியது. இவ்வாறு ஒரு நாடு முழுவதற்கும் சட்டமியற்றியதிற் பின்லாந்தே முன்னோடியாகும்.

சிக்னேயசின் பெருமை கைப்பணியைப் புகுத்தியதில் மாத்திரம் அமைந்ததன்று; அதனைப் புகுத்திய நோக்கத்திலேயே அமைந்தது. தச்சரையும் கொல்லரையும் ஆக்குவது அவர் கருத்தன்று. மரத்தை அளந்து, அறுத்து, இழைத்து, பொருத்தும் பிள்ளையின் கண் நேரறியும். கை பணிந்து நடக்கும். வடிவத்தின் அழகு உள்ளத்திற் பதியும். தவறான அளவு பொருந்தாதாகையால், பிறர் திருத்துமுன் தன் பிழையைத் தானே காணும். ஆகவே கைப்பணியும் கணிதம்போல அறிவை வளர்க்கும் பாடமென்பதே அவர் கொள்கை. அதனைக் கற்பிக்க வேண்டியவர் தொழிலாளியல்லர், கல்வி நெறியறிந்த ஆசிரியரே என்றும் அவர் வற்புறுத்தினார்.

இவ்வேறுபாட்டை யாவரும் உணர்ந்தாரல்லர். வீட்டுக்குதவும் பொருள்களை ஆக்கினாற் போதுமென்ற எண்ணம் பல பாடசாலைகளில் மேலோங்கிற்று. ஆயினும் 1877ஆம் ஆண்டில் அவரைக் காண வந்த சுவீடிய ஆசிரியர் ஒற்றோ சாலொமன் அக்கருத்தைத் தெளிந்து சென்றார். சாலொமன் நாஸ் என்னுமிடத்தில் நடத்திய ஆசிரிய கலாசாலைக்குப் பல தேசத்து ஆசிரியர்கள் வந்து பயின்றனர்; அவர் வாயிலாகச் சிக்னேயசின் கொள்கை கடல் கடந்தது.

1888ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் அப்பெரியார் மறைந்தார். அவர் நட்ட மரமோ பட்டுவிடவில்லை. இன்றும் பின்லாந்தின் அடிப்படைக் கல்வியிற் கைப்பணி எல்லா மாணவருக்கும் உரிய பாடமாக நிலவுகின்றது.

பரீட்சையிற் பின்தங்கியோருக்கே பட்டறை ஏற்றதென்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலம் வேரூன்றியது. பேனா பிடித்த கை உளி பிடிப்பது இழிவென்று கருதியதால் நாம் இழந்தவை பல. கூர்த்த மதியுடைய மாணவனுக்கும் கைப்பயிற்சி வேண்டுமென்பதே சிக்னேயசின் வாழ்வு உணர்த்தும் பாடம். விழாக் கொண்டாடும் இவ்வேளையில், நூல்நிலையத்தை எண்ணும் அதே மதிப்போடு பட்டறையையும் எண்ணுவோமாயின், கல்லூரி அன்னைக்கு நாம் செலுத்தும் காணிக்கை நிறைவுறும்.