ஏர் கமடோர் மேஹர் சிங்

ஆகாய வீரரென்றால் பகைவிமானங்களை வீழ்த்துவோரையே நாம் நினைக்கின்றோம். மூட்டை சுமக்கும் விமானங்களாலும் ஒரு நகரம் பிழைத்ததென்பதை மேஹர் சிங்கின் சரித்திரத்தால் அறியலாம்.

1915-இல் லயால்பூரில் பிறந்த இவர், கிரான்வெல் கல்லூரியில் பயின்று 1936-இல் விமானப் படையிற் சேர்ந்தார். பர்மாப் போரில் ஆற்றிய சேவைக்காக 1944-இல் டி. எஸ். ஓ. விருது பெற்றார்.

1947-இல் காஷ்மீரத்தில் போர் மூண்டு, பூஞ்ச் நகரம் முற்றுகையிடப்பட்டது. படையினரோடு அகதிகள் பல்லாயிரவரும் அகப்பட்டுக்கொண்டனர். தரைவழி அடைபட்டமையால் உள்ளிருந்தோரே மண்ணை வெட்டிச் சமன்செய்து ஓர் இறங்குதளம் அமைத்தனர். மூன்று புறமும் ஓடைகள், சுற்றிலும் குன்றுகள். பிறரை ஏவித் தாம் பின்னிற்றல் மேஹர் சிங்கின் வழக்கமன்று. டிசம்பரில் டக்கோட்டா விமானமொன்றைத் தாமே செலுத்தி அங்கு இறக்கினார். பின்னர் 12-ஆம் ஸ்க்வாட்ரன் விமானிகள் உணவும் மருந்தும் கொணர்ந்து, மீளுங்கால் காயமுற்றோரையும் அகதிகளையும் ஏற்றிச் சென்றனர். எண்ணெய் விளக்கொளியில், இரவிலே, பீரங்கிகளையும் இறக்கினர் என்றால் அத்துணிவை யாங்ஙனம் புகழ்வோம்!

லடாக்கின் தலைநகரான லே, கடல்மட்டத்திற்கு 11,000 அடிக்கு மேலுள்ளது. 1948 மே 24 அன்று, ஜெனரல் திம்மய்யாவை உடன் ஏற்றிக்கொண்டு, பொறியாளர் சோனம் நோர்பு அமைத்த மணற்றரையில் இவர் இறங்கினார். இடைப்பட்ட பனிமலைகளைக் கடக்க 20,000 அடிக்கு மேல் பறத்தல் வேண்டும். விமானத்திலோ பிராணவாயு இல்லை. பனி உறைவதைத் தடுக்கும் கருவியும் இல்லை. அவர் சென்ற தடத்திலே ஏனைய டக்கோட்டாக்கள் படைவீரரைக் கொணர்ந்தன; லே காக்கப்பட்டது.

அவ்வாண்டிலேயே படையினின்று விலகினார். 1950-இல் மகாவீர சக்கரம் அளிக்கப்பெற்றது. 1952 மார்ச் 16 இரவு ஜம்முவினின்று டெல்லிக்கு வருகையில் அவர் விமானம் புயலிற் சிக்கி வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 36.