சீமைப் படிப்புக்குப் பணம் வந்த கதை
கணித மேதை ராமானுஜன் கப்பல் ஏறியது எப்படி?

சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே போகும் சாலை, அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போய்ச் சேருகிறது. அந்தக் கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சின்ன வீடு. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைதான் சீனிவாச ராமானுஜன்!

ராமானுஜன் சீமைக்குப் போனார், பெரும் புகழ் பெற்றார் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கப்பல் கட்டணம் கொடுத்தது யார்? அங்கே சாப்பாட்டுச் செலவுக்கு என்ன வழி? அவர் போன பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி? இந்தக் கணக்கும் அவருடைய மற்றக் கணக்குகளைப் போல் சுவையானதுதான்.

சம்பளம் கட்ட முடியவில்லை

1887 டிசம்பர் 22ந் தேதி, தாயாரின் பிறந்தகமான ஈரோட்டில் ராமானுஜன் பிறந்தார். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளை. மாத வருமானம் 20 ரூபாய் அளவில்தான். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். வெளியூர் மாணவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்துச் சாப்பாடு போட்டும் கொஞ்சம் பணம் தேடினார்.

பள்ளிக்கூடத்தில் ராமானுஜன் முதல் மாணவர். 1904ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். ஆனால் அவருக்குக் கணக்கு ஒன்றுதான் உலகம். மற்றப் பாடங்களில் தோற்றார். உபகாரச் சம்பளம் நின்றது. கையிலிருந்து சம்பளம் கட்ட வழியில்லை. படிப்பும் நின்றது.

பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1909ல் ஜானகியை மணந்தார். இனி ஒரு வேலை தேடியே ஆகவேண்டும்.

திருக்கோவிலூர் திறந்த கதவு

1910ல் அவர் தம் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அந்த ஊர் அப்போது, சேத்தியாத்தோப்பைப் போலவே, தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிரமித்துப் போனார். தாலுகா ஆபீசில் ஒரு சின்ன வேலை கொடுத்து இந்த அறிவை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் உள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதங்கள் வழி காட்டின. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச் 1ந் தேதி சென்னைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரி நாராயண அய்யரும் கணிதம் அறிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற வெள்ளைக்காரரும் அன்பு காட்டினார்.

1913 ஜனவரியில் ராமானுஜன் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். அதற்கு முன் இப்படி எழுதிய கடிதங்களால் பயன் இல்லை. ஹார்டியோ உடனே பதில் எழுதினார். இவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க வேண்டும் என்றும் விரும்பினார்.

இந்தச் செய்தியால் சென்னையிலும் மதிப்பு உயர்ந்தது. எப்.ஏ.கூடத் தேறாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக மாதம் 75 ரூபாய் கொடுத்தது!

அம்மாவின் சம்மதம்

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்று உறவினர் ஒதுக்கி வைக்கும் காலம் அது. தாயார் சம்மதிக்கவில்லை. ராமானுஜனும் முதலில் மறுத்துவிட்டார்.

1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் நெவில் சொற்பொழிவு ஆற்றச் சென்னை வந்தார். ராமானுஜனை நேரில் கண்டு பேசினார். செலவுக்கு என்ன செய்வது? ஆங்கிலப் பேச்சு போதுமா? மறுபடி பரீட்சையா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? இப்படிப் பல கவலைகள். நெவில் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக வழி சொன்னார். அதற்குள் தாயாரின் மனமும் இளகியிருந்தது. குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்வார்கள்.

250 பவுன்

இனிப் பணம் வேண்டும். நெவில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஸ்பிரிங் கவர்னரின் காரியதரிசிக்கு எழுதினார். சில வாரங்களில் அனுமதி கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு, ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம். கப்பல் செலவுக்கும் உடைக்கும் தனிப் பணம்.

அன்று ஒரு பவுனுக்கு 15 ரூபாய். 250 பவுன் என்றால் 3,750 ரூபாய். மாதம் 312 ரூபாய்க்கு மேல். துறைமுகத்தில் வாங்கிய சம்பளத்தைப் போல் பத்து மடங்கு!

ராமானுஜன் முதலில் வீட்டை நினைத்தார். அந்தத் தொகையில் மாதம் 60 ரூபாயைப் பிடித்து, கும்பகோணத்தில் தாயாருக்குக் கொடுத்துவிட ஏற்பாடு செய்தார். வருஷத்துக்கு ஏறக்குறைய 50 பவுன் வீட்டுக்கு. மீதி 200 பவுன் தமக்கு. பிறகு டிரினிடி கல்லூரியும் 60 பவுன் கொடுத்தது. சிக்கனமாக வாழ்ந்ததால் மிச்சமும் பிடித்தார்.

கப்பல் புறப்படுமுன் தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார். குடுமியை எடுத்து, கால்சட்டை அணிந்த கோலத்தைத் தாயார் பார்க்கவேண்டாம் என்று நினைத்தார். 1914 மார்ச் 17ந் தேதி நெவாசா என்ற கப்பலில் ஏறினார். அப்போது வயது 26.

கணக்கில் வராத செலவு

பணத்துக்குக் குறைவில்லை. குளிருக்கும் சாப்பாட்டுக்கும் யார் கணக்குப் போட்டார்கள்? கட்டிலில் விரித்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. மேலே படுத்துச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். அங்கே படித்த இந்திய மாணவர் மகலனோபிஸ்தான் சொல்லிக் கொடுத்தார்.

கல்லூரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. தம் அறையில் தாமே சமைத்தார். 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. இரவு பகலாகக் கணக்கு. நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு. 1917ல் நோயில் விழுந்தார். காசநோய் என்று வைத்தியம் நடந்தது. அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம், அந்த நாளிலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

இரண்டு வருஷத்துக்குப் போனவர் ஐந்து வருஷம் தங்க நேர்ந்தது. 1916ல் பட்டம் பெற்றார். 1918ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதே வருஷம் டிரினிடி கல்லூரியும் தன் உறுப்பினராக ஏற்றது.

கடைசி ஏற்பாடு

அவர் திரும்பும் நேரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடியும் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. 1919 ஜனவரி 11ந் தேதி, நோயோடு இருந்த நிலையில், ராமானுஜன் பதில் எழுதினார். இவ்வளவு பணம் தமக்குத் தேவைப்படாது. பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுங்கள். என் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடுங்கள் என்பது அதன் சாரம்.

சம்பளம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டவர் போட்ட திட்டம் அது! நிறைவேற்ற அவருக்கு ஆயுள் இல்லை. 1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் கண் மூடினார். வயது 32.

இன்று பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்குப் பாங்கிக் கடன் உண்டு. உபகாரச் சம்பளங்களும் உண்டு. கல்லூரிச் சம்பளத்தையும் விமானக் கட்டணத்தையும் எழுதிக் கூட்டும்போது, இன்னும் சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்கு ஒரு வரி. கம்பளிக்கு ஒரு வரி. வயிற்றுக்கும் வைத்தியத்துக்கும் ஒரு வரி. முதல் வரியை ராமானுஜன் தாமே எழுதிவிட்டார். மற்ற வரிகளை அவருக்காக எழுத யாரும் இருக்கவில்லை.