குழந்தையைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?



காலை ஒன்பது மணியளவில் முத்தியால்பேட்டையிலோ நெல்லித்தோப்பிலோ நடந்தால் நாம் ஒரு காட்சியைக் காண்கிறோம். வேலைக்கு விரையும் தாய், அழும் பிள்ளையைப் பால்வாடி வாசலில் ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். தாயும் பிள்ளையும் நம் மனதில் நிற்கிறார்கள். பிள்ளையை வாங்கிக்கொண்ட அந்தக் கை நிற்பதில்லை. அந்தக் கையைப் பற்றி வாழ்நாளெல்லாம் சிந்தித்த பெண்மணி மரியா மாண்டிசோரி.

இவர் 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் பிறந்தார். பெண் மருத்துவர் என்றாலே வியந்து பார்த்த அந்நாளில், 1896 இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1898 இல், திருமணம் ஆகாத நிலையில், மாரியோ என்ற மகன் பிறந்தான். ஊர் அறிந்தால் தொழிலும் பெயரும் போய்விடும். எனவே பிள்ளை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். பதின்வயதில்தான் மகன் தாயுடன் வந்து சேர்ந்தான். பெற்ற பிள்ளையைப் பிறரிடம் விடும் தாயின் வேதனையை அவர் வாழ்ந்தே அறிந்திருந்தார்.

1907 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று, உரோமையின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போன சுமார் 50 பிள்ளைகள் அங்கே வந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்பவர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் வீடுகளின் நிலை அவருக்குத் தெரிந்தது. தாய்மாரும் தயங்காமல் அவரிடம் பேச முடிந்தது.

இல்லத்தின் புகழ் பரவியதும், விளையாட்டுக் கருவிகளை வாங்கி வைத்தால் போதும் என்று பலர் எண்ணினர். மாண்டிசோரி அவ்வாறு எண்ணவில்லை. பிள்ளையின் அருகில் நிற்பவர் பொறுமையோடு கவனிக்கக் கற்றிராவிட்டால் கருவிகளால் பயனில்லை என்று கண்டார். 1909 முதல் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே தம் முதன்மைப் பணியாக்கினார்.

அந்தப் பணியே அவரை நம் பக்கமும் அழைத்து வந்தது. 1939 இல், 69 வயதில், மகனுடன் சென்னை அடையாறு வந்து, ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி தொடங்கினார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மகனை ஆங்கில அரசு தடுப்பு முகாமில் வைத்தது. தாயின் எழுபதாவது பிறந்தநாளன்றுதான் அவரை விடுவித்தது. போர் முடியும்வரை நாடு திரும்ப இயலவில்லை. அந்நாள்களில் அடையாறிலும் கொடைக்கானலிலும் பிற நகர்களிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் இறந்தார்.

அவர் கண்ட உண்மையைத் தமிழ்நாட்டிலேயே ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர் சத்துணவு தர வேண்டும், எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், பாடமும் சொல்லித்தர வேண்டும். 320 மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்கு மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்தனர். அங்கே கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகளின் கற்றல் உயர்ந்தது. வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. 2024 இல் வெளியான ஆய்வு இது. புதியவர் பாடத்தைப் பார்த்துக்கொள்ள, பழையவருக்கு உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது.

ஆனால் இப்பணியாளர்கள் பெறுவது ஊதியம் அன்று, மதிப்பூதியம். 2018 இல் மத்திய அரசு அதை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கியது. மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்க்கின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படியிருக்க, பயிற்சி பெற்றவர் வேறு வேலை தேடிப் போனால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

நம் தெருவிலும் ஒரு பால்வாடி இருக்கலாம். நம் பங்குகளில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் நாமும் நம்மையே கேட்டுக்கொள்வோம்: அங்கே வேலை செய்பவருக்கு என்ன தருகிறோம்? அவருக்கு உடல்நலம் இல்லாத நாளில் மாற்று ஆள் உண்டா? அவருடைய சொந்தப் பிள்ளையை அந்நேரம் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இன்று மாலை பிள்ளையை அழைத்துவரப் போகும்போது, அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.