22-ஆ, 24-ஆ? யாழின் கணக்கைத் தேடிய தென்காசி சீமைக்காரர் ஆபிரகாம் பண்டிதர்

சிவகிரி, கடையநல்லூர் வழியாகக் குற்றால சீசனுக்குப் போயிருப்பீர்கள். அந்தச் சாலையிலிருந்து கொஞ்சம் விலகிப் போனால் சாம்பவர்வடகரை வரும். 1859 ஆகஸ்ட் 2-ம் தேதி அங்கே பிறந்தவர்தான் ஆபிரகாம் பண்டிதர். பரம்பரை வித்வான் இல்லை. முதலில் பள்ளி ஆசிரியர், பிறகு சித்த மருத்துவர். ஆனாலும், வழக்கொழிந்துபோன ஒரு வாத்தியத்தின் கணக்கைத் தேடிச் சொந்தப் பணத்தைக் கொட்டினார்.

வாத்தியார் வைத்தியரான கதை

திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர், அங்கே சடையாண்டி பத்தரிடம் வயலின் கற்றார். பிறகு தஞ்சாவூர் வாசம். அவரும் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் பெண்கள் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தினார்கள். 1890-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியத்தில் இறங்கினார். கருணானந்தர் பெயரில் அவர் தயாரித்த சஞ்சீவி மருந்துகள் நன்றாக விற்றன. 1909-ல் ஆங்கில அரசு ‘ராவ் சாகிப்’ பட்டம் கொடுத்தது.

எந்த வாத்தியம்?

யாழ். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று பழைய நூல்களும் உரைகளும் சொல்கின்றன. ஆனால், அதை வாசிக்கிறவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இல்லாமல் போய்விட்டார்கள். சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் சுரங்களைப் பிரிக்கும் முறை மட்டும் மிஞ்சியிருந்தது. பண்டிதர் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

சரி, சண்டை எதுக்கு?

கீழ் ‘ச’-வுக்கும் மேல் ‘ச’-வுக்கும் நடுவில் எத்தனை சுருதி என்பதுதான் கேள்வி. சம்ஸ்கிருத இசை நூல்கள் 22 என்றன. பண்டிதர் 24 என்றார், அதுவும் சம அளவில். 12 ராசி வட்டத்தில் சுரங்களை வைத்துக் காட்டும் பழந்தமிழ் முறையே அவருக்கு ஆதாரம்.

கணக்கு இதுதான்: ‘ச’-விலிருந்து ‘ப’, அந்த ‘ப’-வையே ‘ச’ ஆக்கி அடுத்த ‘ப’ என்று தந்தியை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போனால், 12 படி கழித்து ஆரம்பித்த சுரத்துக்குச் சரியாக வந்து சேராது. கொஞ்சம் தள்ளிப்போகும். வட்டம் மூட வேண்டுமென்றால் சம பங்காகத்தான் பிரிக்கணும் என்றார் அவர்.

பரோடாவில் நடந்தது

1912-ல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். சொந்தச் செலவில் மாநாடுகள் நடத்தி வித்வான்களை அழைத்து விவாதிக்க வைத்தார். 1916-ல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. தேவலும், கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கில அதிகாரியும் 22 சுருதிக்கென்றே உருவாக்கிய விசேஷ ஆர்மோனியம் அங்கே காட்டப்பட்டது. பண்டிதர் தன் 24 சுருதிக் கணக்கை விளக்க, அவருடைய மகள்கள் பாடியும் வீணை வாசித்தும் நிரூபித்துக் காட்டினார்கள். கச்சேரி மேடையில் பெண்கள் அரிதாக இருந்த காலம் அது. இசை ஆராய்ச்சி அரங்கில் சொல்லவே வேண்டாம்.

இப்போ என்ன நிலைமை?

1917-ல் அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய புத்தகம். இன்றைய ராகங்களுக்கு வேர் பழந்தமிழ்ப் பண்களில் இருக்கிறது என்பது அதன் மையக் கருத்து. 1919 ஆகஸ்ட் 31-ல் அவர் காலமானார். இரண்டாம் பகுதி 1946-ல்தான் அச்சேறியது.

24 சுருதியை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1947-ல் ‘யாழ் நூல்’ எழுதிய சுவாமி விபுலானந்தர் 22 என்ற கணக்கிலேயே நின்றார். யாழ் வில் போல வளைந்த தனி வாத்தியம் என்பது அவர் முடிவு. இல்லை, வீணையேதான் யாழ் என்று 1950-ல் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் பண்டிதரின் மகன் வரகுணபாண்டியன். அப்பா ஆரம்பித்த வாதத்தை மகன் விடவில்லை.