தம் கண்ணை அளந்தவர்

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஆனிக் என்னும் ஊரில் 1801-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் பிடெல் ஏய்ரி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, 1823-இல் முதல்வராகத் தேறினார். நூல்களில் மூழ்கியிருந்த அவர், படிக்குங்கால் தம் இடக்கண் சிறிதும் பயன்படவில்லை என்பதை உணர்ந்தார். வழக்கமான குழிவில்லையும் உதவவில்லை. பிறராயின், வலக்கண் உண்டே என்று அமைந்திருப்பர். ஏய்ரியோ அட்டையில் ஊசித்துளையிட்டு, அதன்வழி வந்த ஒளியை அக்கண்ணால் நோக்கினார். புள்ளியாய்த் தோன்றவேண்டிய ஒளி, ஒரு தொலைவில் கோடாகவும், மற்றொரு தொலைவில் அதற்குக் குறுக்கான கோடாகவும் தெரிந்தது. விழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒத்திராமையே குறை எனத் தெளிந்தார். பார்வைச் சிதறல் என்று இன்று வழங்குவது இதுவே.

ஒருபுறம் உருளையாகவும் மறுபுறம் கோளமாகவும் குழிந்த வில்லை ஒன்றினைக் கணக்கிட்டார். இப்சுவிச் நகரத்து வினைஞர் ஒருவர் அதனைச் செய்து தந்தார். 1825-இல் இச்செய்தியை அறிஞர் அவையில் வெளியிட்டார். கண்புரை நீக்கி, இக்குறையும் தீர விழிக்குள் இந்நாளில் பொருத்தும் வில்லைக்கும் அடிப்படை திசைக்கேற்ற வளைவே. லேசர் ஒளியால் முன்னரே விழி திருத்தப்பெற்றோர்க்கு அவ்வளவு காண்டல் பிறரினும் கடினம். பொதுக்கணக்கு அவர்க்குப் பொருந்தாது.

ஏய்ரியும் ஒருமுறை அளந்து நின்றாரல்லர். 1835 முதல் 1881 வரை கிரீனிச் வானாய்வுக்கூடத் தலைவராய் விண்மீன்களை ஆராய்ந்த காலத்தும், தம் இடக்கண்ணை மீண்டும் மீண்டும் அளந்து, மாறுதலைக் குறித்து வந்தார். 1892-ஆம் ஆண்டு, தொண்ணூறாம் அகவையில், இயற்கை எய்தினார்.