கவசங்களை வகுத்த மீன்நூற் புலவர்

திருவண்ணாமலைக்கு வருவோர்க்குப் பல கல் தொலைவிலேயே காட்சிதரும் கீழை இராசகோபுரத்தைத் தொடங்கியவர் விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர். முடித்தவர் தஞ்சை நாயக்கர் குல முதல்வராகிய செவ்வப்ப நாயக்கர். கோபுரம் இன்றும் நிற்கின்றது. ஆனால் அந்நாயக்கர் மரபினரும், அவர்க்குப்பின் ஆண்ட மராட்டியரும் தஞ்சை அரண்மனையிற் சேர்த்துவைத்த வாளும் வேலும் கட்டாரியும் நிற்கவில்லை. 1855இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தனர். அவ்வாயுதங்கள் துருவேறிய குவியலாகக் கிடந்து, 1863ஆம் ஆண்டையொட்டிப் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. சென்னைக் காட்சிசாலைக்கெனச் சில பொறுக்கி எடுக்கப்பட்டன. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி இவ்வழிவைப் பற்றி 1878இல் எழுதிவைத்தார். படைக்கலங்களை இனம் பிரித்தறிந்து காக்கும் புலமை அக்குவியலின் அருகில் உரிய காலத்தில் இல்லாமற் போயிற்று. அத்தகைய புலமையைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

பாஷ்போர்டு டீன் 1867ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தனர். குழவிப் பருவத்தில், குடும்ப நண்பர் ஒருவர் இல்லத்தில் ஐரோப்பியப் பழந் தலைச்சீரா ஒன்றைக் கண்டு அதன்மீது கொண்ட வியப்பு அவரை விட்டு நீங்கவேயில்லை. எனினும் அவர் கற்றது வேறு துறை. 1886இல் நியூயார்க் நகரக் கலாசாலையில் தேறி, கொலம்பியா சர்வகலாசாலையில் 1890இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தவை மீன்கள். அவற்றுள்ளும் பல கோடி ஆண்டுகட்கு முன் கடலில் வாழ்ந்து கல்லாய்ப்போனவை. அப்பண்டை மீன்களுட் சில தலையும் மார்பும் என்புத் தகடுகளால் மூடப்பெற்றவை. இயற்கை வனைந்த கவசத்தைப் பகலிற் கற்றவர் மனிதன் வனைந்த கவசத்தை ஓய்வுநேரத்திற் கற்றார் என்று நண்பர் நகையாடுவதற்கு இடமிருந்தது.

1900ஆம் ஆண்டிலும் 1905இலும் அவர் ஜப்பானுக்குச் சென்றார். தோக்கியோ சர்வகலாசாலைக்குரிய மிசாக்கிக் கடலாராய்ச்சி நிலையத்தில், கைமீரா என்னும் அரிய மீனின் கருவளர்ச்சியை ஆராய்வதே நோக்கம். அதன் பயனாகிய பெருநூல் 1906இல் வெளிவந்தது. அந்நாட்டில் 1868இல் அரசியல் மாறியது. 1876இல், சாமுராய் என்னும் போர்மறவர் பொதுவிடத்தில் வாளணிந்து திரிதலை அரசாங்கம் விலக்கியது. தலைமுறை தலைமுறையாக வாளுறுப்புக்களைச் செய்துவந்த கம்மியர் ஒரே நாளில் தொழிலிழந்தனர் எனலாம். அவருட் புகழ்பெற்ற கானோ நட்சுவோ நாணயத்திற்கு அச்சு வெட்டவும் நேர்ந்தது.

அவ்வுறுப்புக்களின் நுட்பம் கூறத் தகுவது. அலகிற்கும் பிடிக்கும் இடையே கைகாக்கும் தகடு ஒன்று உண்டு. அதற்குச் சுபா என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் அவ்வட்டத்தில் கொக்கும் அலையும் மலையும் மழையும் செதுக்குவர். செம்பிற் சிறிது பொன் கலந்து, மருந்து நீரிலிட்டு, கருநாவற்பழ நிறம் ஏற்றுவர், இதுவே ஷாகுடோ. செம்பு மூன்று பங்கும் வெள்ளி ஒரு பங்குமாகச் சேர்ந்தது ஷிபுயிச்சி. அது சாம்பல் நிறம் தரும். கவசமோ அரக்குப் பூசிய சிறு தகடுகளை வரிசை வரிசையாகப் பட்டுக்கயிற்றாற் கோத்துச் செய்வது. மீனின் செதிளை ஒத்தது. மீன்நூலார் கண்ணுக்கு இவ்வொப்புமை தப்பியிருக்குமோ?

டீன் சேர்த்த ஜப்பானியக் கவசங்கள் 1903இல் மெட்ரோபாலிட்டன் கலைக் காட்சிசாலையில் வைக்கப்பெற்றன. அவற்றிற்கு விளக்கப் பட்டியலும் அவரே எழுதினார். பின்னர் அச்சாலையில் 1912இல் படைக்கலப் பகுதி தனித்துறையாயிற்று; அதன் தலைவர் அவரே. அதற்கு முன் சில ஆண்டுகள் இயற்கைப் பொருட் காட்சிசாலையில் மீன்களையும், கலைக் காட்சிசாலையில் கவசங்களையும் ஒருங்கே காத்துவந்தார்.

பணமுள்ளவர் எவரும் பொருள் சேர்க்கலாம். டீனின் சிறப்பு சேர்த்ததில் இல்லை, வகுத்ததில் உள்ளது. உயிர்நூலார் ஓரினத்திலிருந்து மற்றோரினம் கிளைத்தலை மரமாக வரைவது போல், அவர் தலைச்சீராவுக்கும் வாளுக்கும் கிளைமரம் வரைந்தார். எவ்வடிவம் எதனின்று தோன்றிற்று, எவ்வுறுப்பு பயனிழந்தும் அணியாக எஞ்சிற்று என்பன அதனால் விளங்கின.

அவர் 1914இல் அக்காட்சிசாலைக்கு அளித்த கவசம் ஒன்று பதினான்காம் நூற்றாண்டினது. படைத்தலைவர் அஷிகாகா தகாவுஜி, கியோத்தோவை அடுத்த ஷினோமுரா என்னும் ஊரின் ஹச்சிமான் கோயிலுக்குக் காணிக்கையாக்கியது என்பது மரபுச் செய்தி. அதன் மார்புத் தோலில் தீச்சுடர் சூழ்ந்த ஃபுதோ என்னும் தேவரின் உருவம் உளது. அவர்க்கு வடமொழிப் பெயர் அசலர். நம் அருணாசலத்தின் பெயரிலும் அச்சொல்லே நிற்றல் காண்க. கோயிற்குக் கொடுத்த பொருள் கடல்கடந்து போதல் கோயிலூராராகிய நமக்கு உறுத்தாமல் இராது. அஃது அங்கே பழுதின்றி இருக்கின்றது என்பதும் உண்மை. இவ்விரண்டனுள் ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யுமென யாம் துணியோம்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா கலந்தபோது இப்புலமைக்கு எதிர்பாராத வேலை வந்தது. டீன் மேஜர் பதவியேற்று, போர்வீரர்க்குப் புதிய தலைச்சீராக்களை வகுத்தார். பழங்கவசங்களைப் பழுதுபார்க்கும் காட்சிசாலைப் பட்டறையிலேயே மாதிரிகள் அடிக்கப்பட்டன. போர்க்களத்தில் வீரரைக் காயப்படுத்தியவற்றுட் பெரும்பங்கு விரைவு குறைந்த குண்டுச் சிதறல்கள் ஆதலின், கவசம் பழங்கதையன்று என்பது அவர் துணிபு. படைத்துறையோ பிரிட்டிஷ் மாதிரியையே கைக்கொண்டது. அவர் வடிவங்கள் போரில் வழங்கவில்லை. அவ்வாராய்ச்சியை 1920இல் நூலாக வெளியிட்டார். அக்காலத்திலேயே மீன்களைப் பற்றிய நூற்றொகை மூன்று பெருந்தொகுதிகளாக வந்துகொண்டிருந்தது. ஒருவர் இரு துறைக்கும் நேரம் எங்ஙனம் கண்டார் என்பது தேர்வுக்கு முந்திய வாரத்தில் நூல் திறக்கும் மாணவர் வியத்தற்குரியது.

தம் சொந்தச் சேகரத்திற்கென அட்சன் ஆற்றங்கரையில், வேவ் ஹில் என்னும் மாளிகையில் மண்டபமொன்று கட்டினார். அதில் நெடுநாள் அமரும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. 1928ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், தம் அறுபத்தொன்றாம் அகவையில் மறைந்தனர். சேகரத்தின் ஒரு பகுதி அவர் நினைவாகக் காட்சிசாலையைச் சேர்ந்தது.

அவர் வளர்த்த படைக்கலப் பகுதிக்கு, ஏழாண்டுகள் கழித்து 1935இல், உலோக நூல் வல்லுநர் ஜார்ஜ் காமரன் ஸ்டோன் தம் பெருஞ்சேகரத்தை மரணசாசனத்தால் விட்டுச்சென்றார். அதனுள் ஜப்பானியப் படைக்கலங்களோடு தஞ்சைக் கட்டாரிகளும் இருந்தன. உலைக்குத் தப்பிய அவற்றின் கைகாக்கும் தகடுகளில், நம் ஊர்க் கோயில் தூண்களில் நிற்கும் யாளிகளே வாய்பிளந்து நிற்கின்றன.